ஒரே முகவரியில் முப்பத்தொரு பேர்

என் பணி நிறைவு விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். "கலைச்செல்வி மேடம் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்" என்றார்கள். கழுத்தில் மாலையும் தோளில் சால்வையுமாக உட்கார்ந்திருந்ததால் மறுத்துப் பேச வசதிப்படவில்லை. இப்போது வசதிப்படுகிறது. முப்பத்து மூன்று வருட வேலையில் சொன்னபடி செய்தவை ஏராளம். அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. யாரும் சொல்லாமல் செய்தது ஒன்று உண்டு. அது கிழமை முதற்கொண்டு நினைவில் இருக்கிறது.

அன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எங்கள் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். பாயசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், இப்ப ஒரு தாலுகா டேட்டாவப் பேர்வாரியா சேர்க்கணும்னா நான் ஒரே ஒரு வரி எழுதுறேன். டீ வர்றதுக்குள்ள வந்துடுது. அப்பல்லாம் இதுக்கே நாலு நாள் ஆச்சாமே, நெசமா?" நிஜம்தான் என்றேன். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று சொல்ல அங்கே நேரமில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்த கதை சுருக்கம். எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பா மாரிமுத்து மேலப்பண்ணை என்ற பெரிய வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். அம்மா நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்விட்டார். நான் கல்லூரிக்குப் போனேன், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தேன், தேர்வு எழுதினேன். சென்னையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவிலிருந்து சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் பிரிவின் அதிகாரி ஷாகுல் ஹமீது சார். அதிராம்பட்டினத்துக்காரர். அண்ணன் தம்பி மூன்று பேரும் வளைகுடாவில் சம்பாதிக்க, இவர் மட்டும் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டார். "எங்க வீட்டுல உருப்படாமப் போனது நான் ஒருத்தன்தான்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். "பார்ப்போம்" என்பார். அந்தப் பார்ப்போமில் நாலு விதம் உண்டு. எது எந்த விதம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

எந்த லிஸ்ட் போனாலும் அவர் செய்வது ஒன்றுதான். மரத்தாலான அடிஸ்கேலை எடுத்து, தாளைப் பார்க்காமல் ஏதோ ஒரு இடத்தில் வைப்பார். ஸ்கேலின் கீழ் எந்த வரி வருகிறதோ அதைப் பென்சிலால் குறிப்பார். இப்படி மூன்று தடவை. அந்த மூன்று வரிக்கும் மூலப் படிவங்களை ரெக்கார்டு ரூமிலிருந்து கொண்டுவரச் சொல்வார். மூன்றும் ஒத்துப்போனால் கையெழுத்து. ஒன்று பிசகினாலும் லிஸ்ட்டை நான்காக மடித்துக் கூடையில் போடுவார். திட்ட மாட்டார். மடிக்கிற விதமே போதும்.

அவருடைய இன்னொரு பிடிவாதம் அகரவரிசை. அன்றைய கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துகளின் வரிசை தெரியாது. சார் ஆறு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதைப் பார்த்து இரண்டு சொற்களில் எது முன்னால் எது பின்னால் என்று சொல்லும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எந்த வேலையானாலும் அது ஓடியாக வேண்டும். "வரிசையில இல்லாத லிஸ்ட்டு குப்பம்மா. கலெக்டர் வெரல வச்சுத் தேடுவாரு, கெடைக்கலன்னா நம்மளத் தேடுவாரு" என்பார். அந்தப் புரோகிராமைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆட்சி மாறி, ஆபீஸ் சுவரில் ஒரு தலைவரின் படம் இறங்கி இன்னொரு தலைவரின் படம் ஏறியிருந்தது. யார் படம் ஏறினாலும் நில உச்சவரம்புச் சட்டம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஒரு குடும்பம் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிஞ்சுவதை அரசு எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும். இரண்டு கட்சியும் மேடையில் இது தங்கள் சாதனை என்றன. பெரிய பண்ணைகளோ நிலத்தை வேறு பெயர்களில் எழுதி வைத்துவிட்டு, மேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டின.

எங்கள் ஊரில் இருபத்து மூன்று குடும்பங்கள் மேலப்பண்ணை மேல் மனுப் போட்டிருந்தன. பண்ணை நிலங்களில் பாதிக்கு மேல் பினாமி, அதைக் கண்டுபிடித்து எங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்பது மனு. முன்னின்றவர் அஞ்சலை அக்கா. எங்கள் தெருவில் நாலாவது வீடு. அப்பா அந்த மனுவில் சேரவில்லை. விசாரணை அதிகாரி எங்கள் பிரிவுக்கு ஒரு உத்தரவு அனுப்பினார். தாலுகா முழுக்க உள்ள நிலங்களை உடைமையாளர் பெயர்வாரியாகத் தொகுத்து, உச்சவரம்பைத் தாண்டியவர் பட்டியலை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி விசாரணைக்குத் தர வேண்டும். தாண்டியவர் யாரும் இல்லை என்றால் மனு தள்ளுபடி. அந்த இருபத்து மூன்று குடிசைகளும் பண்ணையின் வரப்போரத்தில்தான் இருந்தன. தள்ளுபடியானால் அறுப்பு முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று பண்ணையிலிருந்து முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பெயர்வாரித் தொகுப்பைச் செவ்வாய்க்கிழமை முடித்தேன். மேலப்பண்ணை முதலாளி வேதரத்தினத்தின் பெயரில் இருந்தது உச்சவரம்புக்குக் கால் ஏக்கர் குறைவு. மற்றவர்களும் ஒழுங்காக வரம்புக்குள் இருந்தார்கள். சார் மூன்று வரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் காத்திருந்த அஞ்சலை அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒருத்தருமே தாண்டலயா?"

"பேர்வாரியாப் பாத்தா இல்லக்கா."

"அந்த வாய்க்காலுக்கு வடக்க இருக்கறது மொத்தமும் அந்த வூட்டுதுதான். ஊருக்கே தெரியும், ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். ஒன் மிஷினுக்கு மட்டும் தெரியாதா கலை?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் அக்கா மேல் இல்லை. இத்தனை படித்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் தெரிந்ததைத் தெரியாது என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேனே என்று என் மேலேயே வந்தது.

புதன்கிழமை காலை ரெக்கார்டு ரூமில் போய் அந்த வாய்க்காலுக்கு வடக்கே உள்ள சர்வே எண்களின் படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெயர்கள் வேறு வேறு. சமையல்காரர், மில் கணக்கர், வண்டிக்காரர், யார் யாரோ. ஆனால் எல்லாப் படிவத்திலும் ஒரே ஊதா மை ரப்பர் ஸ்டாம்பு. நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரி என்ற கட்டத்தில், மாவட்டம், வட்டம், கிராமம், தெரு, கதவு எண், கடைசியில் 'மேலப்பண்ணை வீடு'.

அந்த ஸ்டாம்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெயரை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஆனால் சர்க்கார் கவர் அவர்கள் குடிசைக்குப் போய்விடக் கூடாது. போனால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். படித்துவிட்டால் தங்கள் பெயரில் நிலம் இருப்பது தெரிந்துவிடும். அதனால் பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநாதம் எல்லாவற்றிலும் வீட்டு முகவரியையே குத்தியிருந்தார், கோணல் இல்லாமல், கட்டத்துக்குள் அழகாக. எங்கள் டைப்பிஸ்ட்டுகளும் அதை ஓர் எழுத்து பிசகாமல் அடித்து ஏற்றியிருந்தார்கள். பெயர்வாரியாகச் சேர்த்தால் தனித்தனி ஆட்கள். முகவரிவாரியாகச் சேர்த்தால் எல்லோரும் ஒரே வீடு.

அந்தப் படிவக் கட்டிலேயே இன்னொரு படிவமும் இருந்தது. பெயர் மாரிமுத்து, தகப்பன் பெயர் சின்னான், மூன்று ஏக்கர், கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை. என் அப்பா.

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மாதம் தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கட், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை இன்னொன்று. மெஷினோடு இருந்த பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். ஆறு மணிக்கு அறையைப் பூட்டிச் சாவியைத் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆக, ஒரு வேலை பன்னிரண்டுக்குத் தொடங்கினால் மூன்றுக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் பாதியில் செத்துப் போகும்; மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முகவரிவாரித் தொகுப்பை ஓட்டினேன். ஒரு லட்சத்துக்கு மேல் வரிகள். ஒரே மாதிரி உள்ளவற்றைச் சேர்க்க வேண்டும் என்றால் மெஷின் முதலில் அவற்றை வரிசைப்படுத்தும். வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தவற்றைக் கூட்டும். இரண்டரை மணிக்குப் பார்த்தபோது கால்வாசிகூட முடியவில்லை. மூன்று மணிக்கு விளக்கு அணைந்தது. பேட்டரி பத்து நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது.

இருட்டின திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். லட்சம் வரியை வரிசைப்படுத்த, ஒவ்வொரு வரியையும் பதினேழு பதினெட்டுத் தடவை மற்ற வரிகளோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் சாரின் புரோகிராம் இரண்டு பக்கமும் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணாக மாற்றிப் பார்க்கும். பெயர் என்றால் இரண்டு மூன்று எழுத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். முகவரி அப்படி இல்லை. சர்க்கார் முகவரி மாவட்டத்தில் தொடங்கும். தாலுகாவில் உள்ள அத்தனை பேருக்கும் மாவட்டமும் வட்டமும் ஒன்றே. முதல் நாற்பது எழுத்து எல்லோருக்கும் ஒரே எழுத்து. மெஷின் அந்த நாற்பதையும் ஒவ்வொரு தடவையும் மாற்றிப் பார்த்து, ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் கிராமத்துக்கே வரும்.

இதற்கு வழி எனக்கு உடனே தோன்றியது. தோன்றிய வழி தப்பு. முகவரியின் முதல் எட்டு எழுத்தை ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் ஒப்பிட்டால் வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். கரண்ட் திரும்பி வந்த ஐந்து மணிக்குக் கொஞ்சம் வரிகளை மட்டும் எடுத்துச் சோதித்தேன். எல்லா வரிக்கும் ஒரே எண் வந்தது. எல்லா முகவரியும் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்றுதானே தொடங்குகிறது. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு மணி ஆகி அறையைப் பூட்டிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது மனம் இரண்டு பக்கம் இழுத்தது. ஒரு பக்கம் நாற்பது எழுத்து. இன்னொரு பக்கம் அந்தப் பெருவிரல் ரேகை. கண்டியூர் தாண்டும்போது முதல் கணக்குக்கு விடை கிடைத்துவிட்டது. முகவரியைத் தலையிலிருந்து படித்தால்தானே எல்லாம் ஒன்று? வாலிலிருந்து படித்தால் முதல் அடியிலேயே வீடு வந்துவிடும். இன்னொன்றும் தோன்றியது. சேர்ப்பதற்கு அகரவரிசை எதற்கு? களத்தில் நாலு வயல் கதிர்க்கட்டு வந்து இறங்கினால், அந்தந்த வயல் கட்டை அந்தந்தக் குவியலில் போடுவோம். குவியல்களை அகரவரிசையில் யாரும் அடுக்குவதில்லை. ஒன்றானது ஒன்றோடு சேர்ந்தால் போதும்.

இரண்டாவது கணக்கு வீட்டில் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, பஞ்சநாதம் எப்பவாவது உங்கிட்ட ரேகை வாங்கினாரா?"

"வாங்குனாரு. ரேஷன் கார்டு மாத்தறதுக்குன்னு சொன்னாரு. ஏன்?"

சொன்னேன். சர்வே எண்ணைச் சொன்னதும் அப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த எண் எந்த வயல் என்று கிராம அதிகாரியே அவரிடம்தான் கேட்பார்.

"வடக்கு மடைக்குப் பக்கத்துல, அந்தப் பள்ளக்கட்டா? மூணு ஏக்கருமா?"

"பேப்பர்லதான்ப்பா."

அப்பா எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரம் கழித்துச் சேற்றுக் காலோடு திரும்பி வந்தார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணும் திருடல. அவங்களா எழுதுனது. இருந்துட்டுப் போவட்டும்."

"இருக்காதுப்பா. அது உனக்கு இல்ல. நீ செத்தா உன் பேர எடுத்துட்டு வேற ரேகை வாங்கிப்பாங்க."

"நாப்பது வருஷமா அந்தச் சேத்துல நிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் எம் பேர்ல இருக்குன்னு கேட்டேன். அதையும் நீயே புடுங்கணுமா?"

"அப்பா, இருவத்தி மூணு வீடு..."

"அந்த லிஸ்ட்ட நீ எடுத்தியானா எங்கூடப் பேசாத."

நான் அழுதேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. நாற்பது வருடம் உழைத்தவருக்கு மூன்று ஏக்கர் அதிகம் என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்லாது. ஆனால் அந்த நியாயத்தை அவருக்குக் கொடுக்கிற கை பஞ்சநாதத்தின் கையாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை காலை, கரண்ட் இல்லாத நேரம், பஞ்சநாதமே வந்தார். டைப்பிஸ்ட்டுகளில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஊரில் என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர். ஆபீஸில் அப்படிக் கூப்பிட முடியாது. 'வாங்க போங்க' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஆளே இல்லாமல் பேசினார்.

"சாப்பிட்டாச்சா? நேத்து ரெக்கார்டு ரூமுல ரொம்ப நேரம் வேலையாமே."

"ஆமாங்க."

"அப்பா பேர்ல ஒரு எடம் இருக்கறது தெரிஞ்சிருக்கும். வாய்க்கால் பாசனம். முதலாளி மனசு வச்சிருக்காரு. அத மாரிமுத்துக்கே விட்டுடறதுன்னு. சும்மா இருந்தாலே போதும்."

"மத்த எடங்க?"

"கேட்டது பேர்வாரி. பேர்வாரி கொடுத்தாச்சு. ஆர்டர் இல்லாத வேலையச் செய்யாம இருக்கறதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை அதற்குப் பிறகு முப்பது வருடம் வெவ்வேறு ஆபீஸ்களில் வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். அன்று "கரண்ட் வர்ற நேரம். எழுந்திருங்க, அந்த நாற்காலி வேணும்" என்றேன். அவர் எழுந்தார். என் முன்னால் அவர் எழுந்து நின்றதை எங்கள் தெருவில் யாராவது பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குத் தொடங்கினேன். ஒவ்வொரு முகவரியின் கடைசி எட்டு எழுத்தை எடுத்து ஒரு எண்ணாகச் சுருக்கி, ஒரே தடவை, புதிய கட்டத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். வரிசைப்படுத்துவது அந்த எண்ணை வைத்துத்தான். இரண்டு எண் ஒன்றாக வந்தால் மட்டும் முழு முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஏனென்றால் எல்லா ஊரிலும் ஒரு தெற்குத் தெரு உண்டு. சாரின் அகரவரிசைப் புரோகிராமை முழுக்கக் கழற்றி வைத்தேன். ஒரு மணிக்குள் எண்கள் ஏறிவிட்டன. வரிசை ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. கூட்டல் இரண்டேகாலுக்கு. நேற்று மூன்று மணி நேரத்தில் கால்வாசி தாண்டாத வேலை.

பெரும்பாலான முகவரிகளில் ஒருவர், இரண்டு பேர். கூட்டுக்குடும்பம் என்றால் நாலு. ஒரே ஒரு முகவரியில் முப்பத்தொரு பேர். அவர்களின் நிலத்தைக் கூட்டினால் உச்சவரம்பைப் போலப் பல மடங்கு. அந்த முப்பத்தொரு பெயரை மட்டும் சாரின் புரோகிராமில் கொடுத்தேன். கண் சிமிட்டும் நேரத்தில் அகரவரிசையில் வந்து நின்றன. அப்பா பெயரும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வரி போய்விடும். விரல் அதன் மேல் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அழுத்தவில்லை. பிரிண்டரை ஓட விட்டேன்.

சார் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இத யாரும்மா கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"ரெண்டு மணி நேரத்துல எப்படி வந்துச்சு? நம்ம அகரவரிசை ரொட்டீன ஓட்டுனியா?"

"சேர்க்கறதுக்கு ஓட்டல சார். சேர்ந்ததுக்கு அப்புறம் இந்த முப்பத்தொரு பேருக்கு மட்டும் ஓட்டுனேன்."

அவர் தாளை மேஜை மேல் வைத்தார். "ஆறு மாசம் எழுதுனேன்மா அத" என்றார்.

"நல்ல ரொட்டீன் சார். இத்தனை நாளா தேவையில்லாத எடத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு."

இப்போது நினைத்தால் அதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். அவர் அடிஸ்கேலை எடுத்தார். தாளைப் பார்க்காமல் மூன்று தடவை வைத்தார். படிவங்களைக் கொண்டுவந்தேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த மாரிமுத்து..."

"எங்க அப்பா சார்."

"இந்த வரிய எடுத்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எடுத்தா கூட்டல் தப்பாப் போயிடும் சார்."

அடிஸ்கேலை மேஜை மேல் நேராக வைத்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு மேலே தன் மணிமணியான எழுத்தில் எழுதினார்: 'கணக்கு சரிபார்க்கப்பட்டது. இவ்விணைப்பு கோரப்படாதது.' எழுதிவிட்டு, "நான் பாத்தது சரியா தப்பான்னு மட்டுந்தான்" என்றார். மணி இரண்டு ஐம்பது.

மறுநாள் விசாரணையில் பண்ணையின் வக்கீல், கேட்காத பட்டியலை ஏற்கக் கூடாது என்று அரை மணி நேரம் வாதாடினாராம். அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: இந்த முப்பத்தொரு பேரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறார்களா? பஞ்சநாதத்திடம் அதற்கு ஸ்டாம்பு இல்லை. உபரி நிலம் என்று உத்தரவு வர ஒன்றரை வருடம் ஆனது. இருபத்து மூன்று குடும்பத்துக்கும் பட்டா வந்தது. ஒரு குடிசையும் காலி ஆகவில்லை.

எனக்கு மெமோ அதைவிடச் சீக்கிரம் வந்தது. கோரப்படாத தகவலைத் தன்னிச்சையாகத் தயாரித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 'தகவல் தவறு என்று குறிப்பாணையில் எங்கும் கூறப்படவில்லை. எனவே விளக்குவதற்கு ஏதுமில்லை' என்று பதில் எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு சொல் சேர்த்துவிடு என்று நாலு பேர் சொன்னார்கள். சேர்க்கவில்லை. இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள், நிறுத்திக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். சாரைச் சீர்காழிப் பக்கம் மாற்றினார்கள். போகும்போது, அகரவரிசைப் புரோகிராமை நான் ஓட்டியபடியே, கடைசியில் மட்டும் ஓடுவதாக மாற்றி எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு தப்புக்கு மட்டும் யாரும் எனக்கு மெமோ கொடுக்கவில்லை. அதை நானே எழுதிவிடுகிறேன். நிலம் பிரிக்கும்போது அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. விதிப்படி நிலமில்லாதவருக்குத்தான் கொடுக்க வேண்டும்; மாரிமுத்து பெயரில்தான் ஏற்கெனவே நிலம் இருந்ததாக என் லிஸ்ட்டே சொல்கிறதே. அதை நான் முன்பே யோசித்து, அவருக்காகத் தனியாக ஒரு மனு எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். கூட்டலைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை. பிறகு எழுதிய மனுக்கள் எல்லாம் திரும்பி வந்தன. வடக்கு மடைப் பள்ளக்கட்டில் ஒரு பங்கு அஞ்சலை அக்காவுக்குப் போனது. லிஸ்ட்டை எடுத்தது சரிதான், நாளைக்கே எடுக்கச் சொன்னாலும் எடுப்பேன். மனு எழுதாதது சரியில்லை.

அப்பா சொன்னபடி என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நான் வெளியே போனால்தான் சாப்பிடுவார். பட்டா வந்து அஞ்சலை அக்கா தன் முதல் சம்பா அறுப்புக்குக் கூலிக்கு ஆள் சொன்னபோது அப்பாவும் போனார். தன் பெயரில் இருந்த வயலில் கூலிக்கு இறங்கினார். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, தலையில் வைக்கோல் தூசியோடு வாசலில் நின்றார்.

"அந்த லிஸ்ட்டு உங்கிட்ட இருக்கா?"

கார்பன் காப்பி ஒன்று வைத்திருந்தேன். எடுத்து விரித்தேன்.

"எம் பேரு எது?"

அவர் விரலைப் பிடித்துப் பதினேழாவது வரியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"பண்ணைப் பெரியவரு பேரு?"

விரலைக் கீழே இறக்கி இருபத்தொன்பதாவது வரிக்குக் கொண்டுபோனேன். அப்பா விரலை மறுபடி தன் பெயருக்கு ஏற்றினார். பிறகு ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

"எனக்குக் கீழயா?"

"கீழதான்ப்பா."

"யாரு போட்டா இப்புடி?"

"எழுத்து வரிசை. மாரிமுத்துக்கு அப்புறந்தான் வேதரத்தினம். யாராலயும் மாத்த முடியாது."

"அவராலயுமா?"

"அவராலயுந்தான்."

அப்பா தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். குழாயடியில் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சோறு போடு" என்றார்.